ஐசியைக் காட்டாமல் வயதை நிரூபிக்க எந்தச் சில்லு வேண்டும்?

மலேசிய அடையாள அட்டை எண்ணில் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: 10 என்றால் சிலாங்கூர், 14 என்றால் கோலாலம்பூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பூச்சோங்கில் உறவினரின் கொண்டோவுக்குப் போகிறவர் காவலர் சாவடியில் ஐசியை நீட்டும்போது, தடுப்புக் கம்பியைத் தூக்கத் தேவையானதைவிட எவ்வளவோ அதிகமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறார். சிகரெட்டுக்கு 18 வயது, மதுவுக்கு 21 வயது ஆகிவிட்டதா என்று கடைக்காரர் கேட்டாலும் இதே அட்டைதான். கேட்கப்படும் கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்ற ஒரு சொல் போதும். கைமாறுவதோ பெயர், முகவரி, பிறந்த நாள் எல்லாம். 2017-இல் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் சந்தாதாரர் விவரங்கள் கசிந்தபோது ஐசி எண்களும் முகவரிகளும் சேர்ந்தே வெளியே வந்தன. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை என்ன செய்வது?

ஐசியை நீட்டும் இந்தப் பழக்கம் இப்போது இன்னும் பெரிய அளவுக்குப் போகிறது. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாதபடி செய்யப்படும், அதற்கு மைகாட், கடப்பிதழ், மைடிஜிட்டல் ஐடி ஆகியவற்றைக் கொண்டு அடையாளச் சோதனை நடக்கும் என்று தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் 2025 நவம்பரில் அறிவித்தார். இதற்கு அடிப்படையான இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. பிள்ளைகளைக் காக்கும் நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் யார் பிள்ளை என்று கண்டுபிடிக்க எல்லாரையும் சோதித்தாக வேண்டும். 50 வயது தாத்தாவும் தன் ஐசியை ஏதோ ஓர் அந்நிய நிறுவனத்தின் சேமிப்பில் விட்டுவிட்டுத்தான் பேரன் படத்துக்கு லைக் போட முடியும் என்ற நிலை அது.

இதற்கு வேறு வழி இருக்கிறது என்று கணிதம் 40 ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. 1985-இல் ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்ல்ஸ் ரேக்காஃப் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஸீரோ நாலெட்ஜ் நிரூபணம் என்ற கருத்து பிறந்தது. ஒரு கூற்று உண்மை என்பதை, அந்த உண்மைக்கு ஆதாரமான ரகசியத்தைக் காட்டாமலேயே எதிராளிக்கு உறுதிப்படுத்துவது அதன் வேலை. நம் விஷயத்தில் கூற்று இது: “தேசியப் பதிவுத் துறை கையொப்பமிட்ட ஒரு மின்னியல் சான்று என்னிடம் இருக்கிறது, அதில் உள்ள பிறந்த தேதிப்படி எனக்கு 16 வயது நிறைந்துவிட்டது.” இதைக் கேட்கும் நிறுவனத்துக்கு அந்தத் தேதியும் தெரியாது, பெயரும் தெரியாது, எண்ணும் தெரியாது. கூற்று பொய்யாக இருந்தால் நிரூபணம் தேறாது. அவ்வளவுதான். கோல்ட்வாசருக்கும் மிக்காலிக்கும் 2012-இல் டூரிங் விருது கிடைத்தது.

இவ்வளவு நல்ல வழி இத்தனை காலம் ஏன் ஏட்டிலேயே கிடந்தது? கணக்கு மிகக் கனமானது என்பதே முக்கியக் காரணம். இங்கேதான் சிறப்புச் சில்லுகளின் பேச்சு வருகிறது, பூச்சோங்கும் வருகிறது.

எல்டிபி நெடுஞ்சாலை நெரிசலுக்குப் பெயர்போன பூச்சோங்குக்கு 2024 ஆகஸ்டில் இன்னொரு அடையாளமும் கிடைத்தது. பண்டார் புத்ரியில் உள்ள பிஎஃப்சிசி கட்டடத் தொகுதியில், சிலாங்கூர் அரசின் சைடெக் நிறுவனம் அமைத்த மலேசியச் சில்லு வடிவமைப்புப் பூங்காவைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தொடக்கி வைத்தார். 1972-இல் இன்டெல் பினாங்குக்கு வந்த காலத்திலிருந்து மற்றவர்கள் வடிவமைத்த சில்லுகளைப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும் இந்த நாடு கைதேர்ந்தது. உலகின் அந்த வேலையில் சுமார் 13 விழுக்காடு இங்கே நடக்கிறது. இனிமேல் நாமே வரைய வேண்டும் என்பது 2024 மே மாதம் வெளியான தேசியக் குறைமின்கடத்தி வியூகத்தின் ஆசை. 60,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி என்று அதில் எழுதியிருக்கிறது. 2025 மார்ச்சில் ஆர்ம் நிறுவனத்தின் வடிவமைப்புகளைப் பயன்படுத்த 10 ஆண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் தருவதாக அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது. பூச்சோங்குக்குப் பக்கத்திலேயே, புக்கிட் ஜாலில் தொழில்நுட்பப் பூங்காவில், அரசின் ஆய்வு நிறுவனமான மீமோஸ் இருக்கிறது. மைடிஜிட்டல் ஐடியின் தொழில்நுட்பத்தில் அதற்குப் பங்குண்டு. சில்லுப் பூங்காவையும் மீமோஸையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு, ஸீரோ நாலெட்ஜ் கணக்கை வேகப்படுத்தும் ஒரு மலேசியச் சில்லு செய்தால் என்ன என்ற யோசனை வருவது இயல்பு. யோசனை கவர்ச்சியானதுதான். அதைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நிரூபணத்தை ஒருவர் உருவாக்குகிறார், இன்னொருவர் சரிபார்க்கிறார். இரண்டு வேலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2016-இல் யென்ஸ் குரோத் வெளியிட்ட முறையில் நிரூபணம் 192 பைட்தான். அதைச் சரிபார்க்கச் சில மில்லிநொடி போதும். சிறப்புச் சில்லு என்று பேசுவதெல்லாம் உருவாக்கும் பக்கத்துக்காக. அதனால் நிரூபணம் கூடுதல் பாதுகாப்பு பெறுவதில்லை, கூடுதல் ரகசியமும் ஆவதில்லை. சீக்கிரம் முடிகிறது, மின்சாரம் குறைகிறது, லாபம் அவ்வளவே.

உருவாக்கும் பக்கத்தில் நேரத்தை விழுங்குவது இரண்டு கணக்குகள். ஒன்றை எம்எஸ்எம் என்பார்கள். நீள்வளையக் கோடு ஒன்றின் மீதுள்ள கோடிக்கணக்கான புள்ளிகளில் ஒவ்வொன்றையும் ஒரு பெரிய எண்ணால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுவது. இந்தப் புள்ளிகளின் ஆயங்கள் 381 பிட் நீளம். பெருக்கும் எண்கள் 255 பிட். நம் கணினியின் செயலி ஒரே வீச்சில் கையாளுவது 64 பிட். ஆகவே 381 பிட் எண் ஆறு துண்டாகிறது. இரண்டு எண்களைப் பெருக்க 36 சிறு பெருக்கல். விடையை வரம்புக்குள் சுருக்க இன்னும் 42. ஒரு புள்ளியோடு இன்னொன்றைக் கூட்ட இப்படிப்பட்ட பெரும் பெருக்கல்கள் சுமார் 11 தேவை.

நேரடியாகச் செய்தால் புள்ளி ஒன்றுக்கு ஏறத்தாழ 380 கூட்டல் ஆகும். பிப்பெஞ்சர் பெயரால் வழங்கும் தந்திரம் இதை வெகுவாகக் குறைக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் கடை ஒன்றில் இரவு கல்லாவை எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள்: நோட்டுகளைக் கையில் வந்த வரிசையில் கூட்டிக்கொண்டே போக மாட்டார்கள், 1, 5, 10, 50 என்று அடுக்கு அடுக்காகப் பிரித்து, அடுக்கில் எத்தனை என்று எண்ணி, கடைசியில்தான் பெருக்குவார்கள். அதுவேதான் இங்கேயும். 255 பிட்டை 16 பிட் துண்டுகளாக வெட்டி, ஒரே மதிப்புள்ள புள்ளிகளை ஒரே வாளியில் போட்டால், புள்ளிக்கு 16 கூட்டலில் வேலை பெரும்பாலும் முடிகிறது.

அப்படியும் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். 2-இன் 24ஆம் அடுக்கு, அதாவது சுமார் 1.68 கோடி புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். 16 கூட்டல் வீதம் சுமார் 27 கோடிக் கூட்டல். ஒவ்வொன்றிலும் 11 பெரும் பெருக்கல் என்றால் ஏறத்தாழ 300 கோடி. அவற்றைச் சிறு பெருக்கல்களாகப் பிரித்தால் 23,000 கோடி. நொடிக்கு 300 கோடி பெருக்கல் செய்யும் செயலியின் ஒரு கோருக்கு இது ஒரு நிமிடத்துக்கும் மேலான வேலை, அதுவும் அது வேறெதற்கும் நிற்காமல் பெருக்கிக்கொண்டே இருந்தால்.

இரண்டாவது கணக்கு என்டிடி, எண்களின் நீண்ட பட்டியலை வேறொரு வடிவத்துக்கு மாற்றுவது. இதில் பெருக்கல் அவ்வளவு தொல்லை தருவதில்லை. தரவை இங்கிருந்து அங்கே நகர்த்துவதுதான் தொல்லை. அதே 1.68 கோடி எண்கள், ஒவ்வொன்றும் 32 பைட் என்றால் 512 எம்பி. 24 கட்டங்களில் ஒவ்வொரு எண்ணும் தொலைவில் உள்ள இன்னோர் எண்ணோடு சேர வேண்டும். செயலியின் உள்நினைவகத்தில் இது அடங்காது. வெளியே உள்ள நினைவகத்துக்குப் போய்ப் போய் வர வேண்டும். பெருக்கும் சுற்றை எத்தனை மடங்கு வேகமாக்கினாலும் தரவு வந்து சேராவிட்டால் அது சும்மா உட்கார்ந்திருக்கும். அதனால்தான் கணினி விளையாட்டுக்காரர்கள் வாங்கும் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற ஜிபியு இந்தத் துறைக்குள் நுழைந்தது. 16,384 சிறு கோர்கள் அதில் இருப்பது ஒரு காரணம். அதன் நினைவகம் நொடிக்கு ஏறத்தாழ 1,000 ஜிபி தரவை நகர்த்தும் என்பது இன்னொரு காரணம். மேசைக் கணினியின் நினைவகம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டாலே அதிகம்.

அதற்கும் மேலே போனவர்கள் உண்டு. இந்த இரண்டு கணக்குக்கென்றே ஏசிக் எனப்படும் தனிவேலைச் சில்லின் வடிவத்தை 2021-இல் பைப்ஸிகே என்ற ஆய்வுக் கட்டுரை முன்வைத்தது. 2022-இல் இந்தக் கணக்குகளை வேகப்படுத்துவதற்கான ஸீபிரைஸ் போட்டி நடந்தது. இஸ்ரேலின் இங்கோன்யாமா, சைசிக், ஃபேப்ரிக் கிரிப்டோகிராஃபி என்று நிறுவனங்கள் வரிசையாகக் கிளம்பின. ஆனால் இதில் ஓர் எளிய கணக்கு எல்லாரையும் கட்டிப்போடுகிறது. மொத்த நேரத்தில் எம்எஸ்எம் 70 விழுக்காடு என்று வையுங்கள். அதை ஒரு நொடியும் ஆகாத அளவுக்குச் சுருக்கினாலும் மீதி 30 விழுக்காடு அப்படியே நிற்கும். மொத்த வேகம் மூன்று மடங்கைக் கொஞ்சம் தாண்டும், அதற்கு மேல் போகாது. “எங்கள் சில்லு 100 மடங்கு வேகம்” என்ற விளம்பரத்தைப் பார்த்தால், எதில் 100 மடங்கு என்று கேட்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், கணக்கே மாறிக்கொண்டிருப்பது. பிட்காயின் சுரங்கத்துக்கு 2013-இலேயே தனிச் சில்லு வந்து நிலைத்தது. அங்கே வேலை எஸ்எச்ஏ-256 என்ற ஒரே ஹாஷ். அது இன்றுவரை மாறவில்லை. ஸீரோ நாலெட்ஜில் அந்த நிலைமை கிடையாது. 2016-இல் குரோத் முறை, 2019-இல் பிளாங்க், பிறகு ஸ்டார்க் வழி வந்தவை. அண்மைக் கால முறைகள் பல 381 பிட் எண்களையே கைவிட்டு 31 பிட் எண்களுக்கு வந்துவிட்டன. அவற்றில் ஒன்று பயன்படுத்தும் பகா எண் 2-இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அது பகா எண் என்று ஆய்லர் 1772-லேயே காட்டிவிட்டார். ஜிபியுவின் 32 பிட் பெருக்கியில் அது கச்சிதமாக உட்காருகிறது. நீள்வளையக் கோடே இல்லாத இந்த முறைகளில் எம்எஸ்எம்முக்கும் வேலையில்லை. 381 பிட் பெருக்கிகளை அடுக்கி ஏசிக் வரைந்தவர் என்ன செய்வார்? உல்வெட்டானா என்ற பெயரில் சுற்றை மாற்றி எழுதக்கூடிய எஃப்பிஜிஏ பலகைகளோடு தொடங்கி, பின்னர் இர்ரெட்யூசிபிள் ஆன நிறுவனம் 2025-இல் வெளியிட்ட பைனியஸ்64 என்ற நிரூபண முறை சாதாரணச் செயலிக்காக எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். வன்பொருளில் தொடங்கியவர்களே நல்ல கணிதத்தைக் கண்டதும் வன்பொருளை ஓரமாக வைத்தார்கள்.

ஒரே வேலைக்குப் பிறந்த சில்லின் கதி மலேசியர்களுக்கு நன்றாகவே தெரியும். 2021 ஜூலையில் சரவாக்கின் மிரியில், மின்சாரம் திருடிப் பிட்காயின் எடுத்த 1,069 இயந்திரங்களைக் காவல்துறை சாலை உருளையை ஏற்றி நசுக்கிய காணொளி உலகெங்கும் ஓடியது. விற்றிருக்கலாமே என்று பலர் அங்கலாய்த்தார்கள். விற்றாலும் வாங்கியவர் பிட்காயின்தான் எடுத்திருப்பார். அந்த இயந்திரத்துக்கு வேறு வேலை தெரியாது.

சரி, இந்த வேகம் உண்மையிலேயே யாருக்கு வேண்டும்? எத்தீரியம் போன்ற பிளாக்செயின்களுக்கு. அங்கே 12 நொடிக்கு ஒரு பிளாக். அத்தனை பரிவர்த்தனைகளும் சரி என்று அந்த 12 நொடிக்குள் நிரூபணம் தயாரானால், உலகெங்கும் உள்ள கணினிகள் ஒவ்வொன்றும் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டியதில்லை. 2025 மே மாதம் சக்சின்க்ட் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட ஜிபியுக்களைக் கோத்து 93 விழுக்காடு பிளாக்குகளை இந்த நேரத்துக்குள் முடித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிரெவிஸ் 64 ஜிபியுவில் 99.6 விழுக்காட்டைத் தொட்டது. எத்தீரியம் அறக்கட்டளை வைத்திருக்கும் இலக்கு: 10 நொடி, ஒரு லட்சம் டாலருக்குள் கருவி, 10 கிலோவாட்டுக்குள் மின்சாரம். சில மாதங்களில் கருவிகளின் எண்ணிக்கை இவ்வளவு சரிந்ததில் புதிய ஜிபியுவுக்குப் பங்குண்டு. மென்பொருளுக்கும் கணிதத்துக்கும் உள்ள பங்கு அதைவிடப் பெரிது என்பதே என் கணிப்பு.

ஆனால் இந்த வேலையில் ரகசியமே இல்லை. பரிவர்த்தனைகள் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்தவை; நிரூபணத்தின் சுருக்கம் மட்டுமே தேவைப்படுகிறது. ஆகவே அதை எந்தத் தரவு மையத்தில், யாருடைய ஜிபியுவில் உருவாக்கினாலும் கெடுதல் இல்லை.

ஐசி விஷயம் அப்படியல்ல. நிரூபணத்தை உருவாக்கும் கணினிக்கு ரகசியம் முழுவதும் தெரிந்தாக வேண்டும். கணக்கின் மூலப்பொருளே அதுதான். என் பிறந்த தேதியை மறைக்கும் நிரூபணத்தைச் சைபர்ஜெயாவிலோ ஜொகூரிலோ உள்ள ஒரு சக்திவாய்ந்த இயந்திரம் அரை நொடியில் தயாரித்துத் தருகிறது என்றால், அந்த இயந்திரத்தின் உரிமையாளருக்கு என் பிறந்த தேதியைக் கொடுத்துவிட்டேன் என்று பொருள். சமூக ஊடக நிறுவனத்திடமிருந்து காத்து, நிரூபணக் கடைக்காரரிடம் ஒப்படைத்த கதை. ரகசியத்தைத் துண்டுகளாக்கிப் பல கணினிகளுக்குப் பங்கிடும் வழிகள் ஆய்வில் உள்ளன; அவை வேலையின் சுமையைக் கூட்டுகின்றன. நேர்மையான வழி, நிரூபணம் அவரவர் கைப்பேசியிலேயே உருவாவது. 2024 ஆகஸ்டில் மீமோஸோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்த, கருவிழியை வைத்து ஆள் அடையாளம் காணும் வேர்ல்ட் திட்டம்கூட, அதன் மற்ற சர்ச்சைகள் எப்படியிருந்தாலும், இந்த நிரூபணத்தைப் பயனரின் கைப்பேசியில்தான் செய்கிறது.

கைப்பேசியால் முடியுமா? ஸீகேஷ் என்ற மின்னியல் நாணயத்தின் வரலாறு இங்கே உதவும். 2016-இல் அந்த நாணயத்தில் ரகசியப் பரிவர்த்தனை ஒன்றுக்கு அரை நிமிடத்துக்கும் மேல் ஆனது. நினைவகம் 3 ஜிபிக்கு மேல் வேண்டியிருந்தது. 2018 அக்டோபரில் சாப்ளிங் என்ற மாற்றம் வந்த பிறகு அது சில நொடி, சுமார் 40 எம்பி. இடையில் புதுச் சில்லு எதுவும் வரவில்லை. நீள்வளையக் கோடும் சமன்பாடுகளும் மாறின. வயது நிரூபணத்திலும் இதேதான் நடந்தது. அரசுச் சான்றுகளில் உள்ள பி-256 கையொப்பமும் எஸ்எச்ஏ-256 ஹாஷும் நிரூபண முறைகளுக்குப் பிடிக்காதவை. 64 பைட் துண்டு ஒன்றை ஹாஷ் செய்வதே 25,000-க்கும் மேற்பட்ட சமன்பாடுகளாக விரியும். சான்றின் வடிவத்தை மாற்றுங்கள் என்று நிபுணர்கள் பல ஆண்டுகள் கெஞ்சினார்கள்; எந்த அரசும் அசையவில்லை. கூகிளில் மத்தேயோ ஃபிரிகோவும் அபி ஷெலட்டும் சான்றைத் தொடாமல் நிரூபண முறையை மாற்றினார்கள். முழு வேலையும் கைப்பேசியில் 1.2 நொடியில் முடிந்தது. கூகிள் வாலட்டின் வயதுச் சோதனைக்காக 2025-இல் இது அறிவிக்கப்பட்டு, ஜூலையில் நிரலும் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. இதற்கு ஒரு விலை உண்டு: நிரூபணம் 192 பைட்டில் அடங்காது, பல மடங்கு பெரிது. அதை அனுப்பப் போவது ஒரு முறை, பிளாக்செயினில் நிரந்தரமாக எழுதப்போவதில்லை. ஆகவே தாங்கலாம்.

அப்படியானால் பூச்சோங் பொறியாளர்களுக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது, ஆனால் தனி ஏசிக் என்ற கவர்ச்சியான இடத்தில் இல்லை. 1.2 நொடி என்பது ஆய்வில் கிடைத்த எண். சில நூறு ரிங்கிட் கைப்பேசியில் அது எத்தனை நொடியாக நீளும், மின்கலத்தை எவ்வளவு குடிக்கும் என்பதுதான் கிள்ளான் பள்ளத்தாக்கில் குறைந்த வருமான (பி40) குடும்பத்துப் பிள்ளைக்கு முக்கியம். நிரூபண முறை எதுவானாலும் நிலைத்து நிற்கும் தேவைகள் மூன்று: அகலமான முழு எண் பெருக்கல், ஹாஷ், தரவை வேகமாக நகர்த்துதல். இவற்றை ஒரு பொதுச் செயலியின் ஓரத்தில் சிறு பகுதியாகச் சேர்ப்பது, கட்டளையால் வேலை மாற்றக்கூடியதாக வைப்பது ஆகியவை, ஆர்ம் வடிவமைப்புகள் கையில் உள்ள ஒரு நாட்டுக்கு எட்டக்கூடிய பயிற்சி. கணிதம் மாறினாலும் அந்தப் பகுதி வீணாகாது. தனிச் சில்லு வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் முதலில் எஃப்பிஜிஏவில் செய்து பார்க்கட்டும். சில்லுக்கு அச்சு ஏற்றிய பிறகு பிழை கண்டால் பல மாதமும் பல மில்லியன் ரிங்கிட்டும் போய்விடும், எஃப்பிஜிஏவில் மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொரு சில்லும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை. என் சான்றை என் கைப்பேசியிலிருந்து நகலெடுத்து, 13 வயதுப் பையன் தன் கைப்பேசியில் போட்டுக்கொண்டால் நிரூபணம் அவனுக்கும் தேறிவிடும். இதைத் தடுப்பது கைப்பேசிக்குள் சாவியைப் பூட்டி வைத்திருக்கும் சிறிய பாதுகாப்புச் சில்லு. சாவி வெளியே வராது. கேட்கும்போது கையொப்பம் மட்டும் போட்டுத் தரும். அது பி-256 கையொப்பத்தைப் பல ஆண்டுகளாகப் போட்டு வருகிறது. வேகம் அதற்குத் தேவையில்லை, உடைக்க முடியாமை தேவை.

ஆக, மலேசியாவுக்கு முன்னுள்ள தடை சில்லுப் பற்றாக்குறை அல்ல. தேசியப் பதிவுத் துறை ஏற்கெனவே உள்ள உலகத் தரத்தில், கைப்பேசியில் வைத்துக்கொள்ளக்கூடிய, பாதுகாப்புச் சில்லோடு பிணைந்த சான்றைக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். சொந்தமாக ஒரு வடிவம் கண்டுபிடிக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மற்றவர்கள் எழுதித் திறந்துவிட்ட நிரல் அதற்குப் பொருந்தாது. அடையாளச் சோதனைக்கான விதிமுறைகளை எழுதுகிறவர்கள், ஐசியின் படத்தைப் பதிவேற்றுவதைப் போலவே இப்படிப்பட்ட நிரூபணத்தையும் ஏற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் சமூக ஊடக நிறுவனங்கள் தாங்களாக இதைக் கேட்கப் போவதில்லை. பிறந்த தேதியும் முகமும் கிடைப்பது அவர்களுக்கு நஷ்டமா என்ன? சில்லு விற்க வருகிறவரோ, மென்பொருள் விற்க வருகிறவரோ ஸீரோ நாலெட்ஜ் என்று சொன்னால், நிரூபணம் யாருடைய கருவியில் உருவாகிறது என்று புத்ராஜெயா அதிகாரிகள் கேட்கட்டும். “எங்கள் சர்வரில்” என்று பதில் வந்தால் ஒப்பந்தத்தை அங்கேயே மூடிவிடலாம்.